தோளுக்குப் பின்னால் எட்டாத இடம்

இடது தோளில் வலி தொடங்கியபோது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அப்போது திருவொற்றியூரில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருந்தோம். நான், என் கணவர், ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள். கணவர் டிரெய்லர் ஓட்டினார். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஓசூர், பெங்களூர் என்று போனால் வீடு திரும்ப நாளாகும். ஊருக்குள் வந்த பிறகும் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை நகராமல் நின்றால் வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வார். நான் ராயபுரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தேன். சட்டைக்குக் காலர் வைப்பது என் வேலை.

அவை தண்ணீர்ப் பஞ்சமான வருடங்கள். குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். தண்ணீர் லாரி எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஹாரன் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் குடங்களோடு ஓடுவோம். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், இரண்டு மாடி. தோள் வலித்ததும் அந்தக் குடத்தைத்தான் திட்டினேன். இரண்டு நாள் வலிக்கும், போய்விடும் என்று நினைத்தேன்.

போகவில்லை. முதலில் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல் போனது. பிறகு மகளுக்குப் பின்னல் போட முடியவில்லை. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் கலைந்துவிடும். கம்பெனியில் துணியை நகர்த்தும்போது கை தானாகவே உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் சூப்பர்வைசர் என் காலர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இன்னாம்மா இது, ஒரு பக்கம் தூக்கிகினு நிக்கிது?" என்று கேட்டார். சட்டைக் காலரா, என் தோளா, எதைச் சொல்கிறார் என்று எனக்கே ஒரு நிமிடம் புரியவில்லை.

எல்லோரையும் போல நானும் தைலத்தில்தான் ஆரம்பித்தேன். தேய்த்தால் தீயாக எரிய வேண்டும். எரிந்தால்தான் வலி இறங்குகிறது என்று அர்த்தம். அது கேட்காமல் போகவே, மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டு வாங்கி, காலையும் மாலையும் விழுங்கினேன். வலி குறைந்தது. ஆனால் வயிறு எரிய ஆரம்பித்தது. சோறு பிடிக்கவில்லை. ஒரு மதியம் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே வாந்தி வந்து, பக்கத்து மெஷின்காரப் பெண்கள் என்னைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். மறுநாள் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே எலும்பு டாக்டர் ஒரு அம்மா. அவசரம் இல்லாதவர். என் கையைத் தன் கையில் வாங்கி, மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று மெதுவாக நகர்த்திப் பார்த்தார். ஒரு அளவுக்கு மேல் கை போகவில்லை. கதவில் தாழ்ப்பாள் போட்ட மாதிரி நின்றது.

"தோள் மூட்டு இறுகிப்போயிருக்கும்மா. உங்க வயசுல நிறைய பொம்பளைங்களுக்கு வரும். தண்ணி தூக்குனதால மட்டும் வரதில்ல. சரியாயிடும். ஆனா மாசக் கணக்குல ஆகும், வருஷம்கூட ஆகலாம்."

சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை. வயிற்று எரிச்சலைக் கேட்டதும் மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, வயிற்றுக்கு வேறு மருந்து தந்து, தோளுக்கு ஒரு ஜெல் எழுதினார்.

"இத தோளைச் சுத்தி, முன்னாடியும் பின்னாடியும் மெதுவா தடவுங்க. இது வலியைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். வலி அடங்கின நேரத்துல கையை அசைச்சுப் பழகணும். அது உங்க வேலை." சுவரில் விரல்களை வைத்து எறும்பு ஏறுவது போல மேலே ஏற்றிக்காட்டினார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டவும் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து டியூபைப் பிதுக்கினேன். ஐஸ் மாதிரி ஒரு ஜெல், கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. லேசான புதினா வாசனை. தோளில் வைத்ததும் சில்லென்று இருந்தது. எரியவில்லை. காத்திருந்தேன், அப்போதும் எரியவில்லை. எரியாத ஒன்றை மருந்து என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. அதனால் என் சொந்த வைத்தியத்தையும் அதோடு சேர்த்தேன். ஜெல்லின் மேலேயே தைலத்தைத் தேய்த்து, கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்து, அதன் மேல் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன். இப்போது எரிந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

காலையில் துப்பட்டாவை அவிழ்த்தால் தோள் முழுக்க சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம் கட்டியிருந்தது.

டாக்டர் அம்மா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சூடு வைக்கச் சொன்னேனா? கட்டு கட்டச் சொன்னேனா? ஜெல் போட்ட இடத்துல அது ரெண்டுமே கூடாதும்மா. புண்ணு மேலயும் போடக்கூடாது. முதல்ல இந்தத் தோல் ஆறட்டும். அப்புறம் வெறும் ஜெல் மட்டும் போடுங்க."

தோல் ஆறியது. வெறும் ஜெல்லோடு மறுபடியும் தொடங்கினேன். இப்போது வேறு சிக்கல். வலது கையால் இடது தோளின் முன்பக்கம் தடவலாம், மேல்பக்கம் தடவலாம். ஆனால் வலி உட்கார்ந்திருந்ததோ பின்னால், தோள்பட்டை எலும்புக்கு மேலே. அங்கே வலது கை எட்டவில்லை. இடது கைக்கோ எங்குமே எட்டாத நிலைமை. கணவர் ஊரில் இருந்த நாளில் அவரைத் தடவச் சொன்னேன். டிரெய்லர் அச்சுக்கு கிரீஸ் வைக்கிற மாதிரி அள்ளி அப்பி அழுத்தினார். நான் கத்தியதும் பயந்துபோய், "வலிக்கிதா? நான் மெதுவாத்தானே பண்றேன்" என்றார். மறுநாள் அவர் வண்டி எடுத்துவிட்டார்.

மகள் தானே முன்வந்தாள். சின்ன விரல்களால் ஓவியம் தீட்டுகிற மாதிரி தடவினாள். சுகமாக இருந்தது. ஆனால் கை கழுவுவதற்குள் கண்ணைக் கசக்கிவிட்டாள். அப்புறம் ஒரே அழுகை. முகத்தைக் கழுவி, மடியில் போட்டுத் தேற்றுவதற்குள் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அன்றோடு நான் டியூபை டிவிப் பெட்டி மேல் வைத்துவிட்டேன். முன்பக்கம் மட்டும் எப்போதாவது தடவிக்கொள்வேன்.

பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் மாடியில் இரண்டே வீடுகள்தான், எதிரும் புதிருமாக. எதிர்வீட்டுக்காரியோடு எனக்குப் பேச்சு கிடையாது.

அவள் காசிமேட்டில் விடியலுக்கு முன் மீன் எடுத்து, எங்கள் மார்க்கெட்டில் மதியம்வரை உட்கார்ந்து விற்பவள். முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள். புருஷனும் மகனும் விசைப்படகில் கடலுக்குப் போனால், அவளும் என்னைப் போலத் தனியாகத்தான் இருப்பாள். விற்காமல் மிஞ்சிய மீனை உப்புப் போட்டு, எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே இருந்த நடையில் கயிறு கட்டிக் காயவைப்பாள். நான் என் மகளின் பள்ளிச் சீருடையையும் அதே நடையில்தான் உலர்த்த வேண்டும், வேறு இடம் இல்லை. ஒரு நாள் மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அவள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம்.

அன்றைக்கு நடையே இடிந்துவிழும் அளவுக்குச் சண்டை.

"இது இன்னா, ரெண்டு வூட்டுக்கும் பொதுவான நடையா? மீன் மார்க்கெட்டா?" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ துன்றியே மீனு, அது இன்னா வானத்துலேர்ந்தா கொட்டுது? கடல்லேர்ந்து வந்தா நாத்தந்தான் அடிக்கும்" என்றாள் அவள்.

நான் கயிற்றை அவிழ்த்துப்போட்டேன். அவள் கீழே இறங்கிப் போய், தண்ணீர் லாரி வரிசையில் இருந்த என் குடத்தை உதைத்து உருட்டினாள். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து விலக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. படியில் எதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவோம். கயிறு மட்டும் அடுத்த நாளே பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, புடவையை அவிழ்த்துவிட்டு நைட்டியைத் தலைவழியாகப் போட்டேன். எப்போதும் இடது கையை முதலில் நுழைப்பேன். அன்றைக்கு ஏதோ நினைப்பில் வலது கையை முதலில் விட்டுவிட்டேன். இடது கை முறுக்கிய துணிக்குள் பாதி தூக்கியபடி மாட்டிக்கொண்டது. தலை உள்ளே. இழுத்தால் தோளில் மின்னல் வெட்டியது. இழுக்காமல் விட்டாலும் வெட்டியது. கண் தெரியவில்லை, மூச்சு முட்டியது. என்னையறியாமல் அலறிவிட்டேன்.

மகள் பயந்துபோய்க் கதவைத் திறந்துகொண்டு ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேகமான காலடி. துணிக்குள் இருந்த எனக்கு ஆள் தெரியவில்லை. ஆனால் மீன் வாசனை வந்தது. யார் என்று தெரிந்துவிட்டது.

"ஆடாத. கம்முனு நில்லு" என்றது குரல்.

வேறு வழி இல்லை, நின்றேன். அவள் முதலில் வலது கையை வெளியே எடுத்தாள். பிறகு துணியைத் தளர்த்தித் தலையை விடுவித்தாள். கடைசியில் இடது கையைத் தன் முன்கையில் தாங்கிக்கொண்டு, நைட்டியை அதன் வழியாக மெல்ல உருவினாள். உள்பாவாடையோடும் கலைந்த தலையோடும், ஒரு வருடமாகப் பேசாதவள் முன்னால் நான் அழுதுகொண்டு நின்றேன். வலியைவிட அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதே நைட்டியைத் திருப்பி, இடது கையை முதலில் நுழைத்துப் போட்டுவிட்டாள்.

அவள் கிளம்பியபோது என் மகள் சொன்னாள்: "ஆன்ட்டி, அம்மாக்கு மருந்து கீது. பின்னாடி கை எட்டாது. அதான் போடறதில்ல."

எதிர்வீட்டுக்காரி டிவிப் பெட்டியின் மேலிருந்த டியூபை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்ததும், அவள் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தாள். நேராக டிவிப் பெட்டிக்குப் போய் டியூபை எடுத்தாள். என் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். தோளில் சில்லென்று பட்டது. சொரசொரப்பான விரல்கள், ஆனால் அழுத்தம் இல்லை. எலும்பின் ஓரமாக வட்டம் போட்டு, கழுத்து வரைக்கும் வந்து, திரும்பிப் போனது அந்தக் கை. ஜெல் முழுக்கத் தோலில் இறங்கும்வரை தடவினாள். எழுந்தாள், டியூபை மூடி வைத்தாள், போய்விட்டாள். ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை. பேசினால் முதலில் என்ன பேசுவது? குடத்தைப் பற்றியா, கருவாட்டைப் பற்றியா?

அதற்கு அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். என் மகள் மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியாமல் நாங்கள் இருவருமே 'ம்' கொட்டுவோம்.

இப்படியே சில நாட்கள் போன பிறகுதான் கவனித்தேன். அவள் கையில் மீன் வாசனையே இல்லை. எலுமிச்சை வாசனை வந்தது. அன்றைக்கு அவளே கேட்டாள்.

"என் கையில நாத்தம் அடிக்கிதா?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன். அக்கா என்று எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "இந்த ஜெல்லு வாசனைல வேற ஒண்ணும் தெர்ல."

"பொய் சொல்லாத. சோப்பு போட்டு, எலுமிச்சம்பயம் தேச்சு கய்வினு வரேன். அப்பவும் கொஞ்சம் கீது. எனக்கே தெரியுது."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தால்கூடத் தோள் வலித்த காலம் அது.

அந்த எலுமிச்சையின் விலை என்ன என்று எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. அவள் தடவிவிட்டுப் போன பிறகு, ஏதோ கேட்பதற்காக அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். அக்கா முதுகைக் காட்டியபடி, வாளித் தண்ணீரில் இரண்டு கைகளையும் விட்டு, வெளியே எடுத்து ஊதிக்கொண்டிருந்தாள். அருகில் போய்ப் பார்த்தேன். விரல்களிலும் உள்ளங்கையிலும் மீன் முள்ளும் செதிலும் கிழித்த கீறல்கள். சில பழையவை, சில அன்றைக்குப் பட்டவை. அந்தக் கீறல்களின் மேல்தான் அவள் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு, பிறகு ஜெல்லையும் தொட்டிருக்கிறாள். எனக்குச் சில்லென்று இருந்த அதே ஜெல் அவளுக்கு நெருப்பாக எரிந்திருக்கிறது.

"ஏங்க்கா சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? கொஞ்ச நேரம் எரியும், அப்றம் போயிடும்."

"புண்ணு மேல படக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாங்க."

"அது உன் தோளுக்கு சொன்னது" என்றாள், சட்டம் தெரிந்தவள் மாதிரி.

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது மெடிக்கல் ஷாப்பில் டாக்டர்கள் போடும் ரப்பர் கையுறை வாங்கி வந்தேன். அதைக் கொடுத்ததும் அக்கா மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னா, ஆபரேசனா பண்ணப் போறோம்? யாராவது கத்திரி எடுத்துனு வாங்க."

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எலுமிச்சைக்கு அன்றோடு வேலை இல்லாமல் போனது.

ஜெல் போட்ட அரைமணி நேரத்தில் வலி கொஞ்சம் பின்வாங்கும். முழுசாகப் போகாது, ஒதுங்கி நிற்கும். டாக்டர் சொன்னபடி அந்த நேரத்தில்தான் கையை அசைக்க வேண்டும். எனக்கு அதில் சோம்பல், பயமும்கூட. அக்கா விடவில்லை. என்னை நடையில் சுவரோரமாக நிறுத்தி, விரல்களை ஏற்றச் சொல்வாள். நான் முகத்தைச் சுளித்தால், "மூஞ்ச வுடு, கைய பாரு" என்பாள். சுவரில் கை எங்கே நிற்கிறதோ அங்கே பேச்சுக் கொடுப்பாள். புருஷன் படகு ஆந்திரா பக்கம் போய் மாட்டிக்கொண்டது, மகனுக்குப் பெண் பார்த்தது, மார்க்கெட்டில் யாரோ வஞ்சிரம் என்று வேறு மீனைத் தள்ளிவிட்டது. கேட்டுக்கொண்டே நிற்பதில், வலித்து நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே விரல்கள் போயிருக்கும்.

நல்ல நாளும் இருந்தது, மோசமான நாளும் இருந்தது. ஒரு வாரம் முழுக்க ஏறி வந்த கை, அடுத்த வாரம் பழைய இடத்திலேயே முரண்டு பிடிக்கும். கம்பெனியில் என்னைக் காலரிலிருந்து எடுத்து, தைத்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவமானமாக இருந்தது. அன்றைக்கு அக்காவிடம் சொன்னபோது, அவள் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "கை வந்துட்டா காலரு வந்துடும். கை வரும்" என்றாள். அவ்வளவுதான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மார்க்கெட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வெளிச்சம் மங்கியது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று, தொடர்ந்து தடதடவென்று பெரிய தூறல். எங்கள் நடையின் ஒரு பக்கம் திறந்த கிராதி. சாரல் நேராக உள்ளே அடிக்கும். கயிற்றில் அக்காவின் கருவாடு, நல்ல நெத்திலிச் சரமும் வாளை மீனும், அநேகமாகக் காய்ந்த பதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நனைந்தால் புழு வைத்துவிடும்.

முறத்தில் இருந்த அரிசியைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு ஓடினேன். வலது கையில் முறம். ஒரு சரத்தை எடுத்துப் போட்டேன், அடுத்ததை எடுத்துப் போட்டேன். கிராதியோரம் இருந்த கடைசி வாளையின் முள் கயிற்றில் சிக்கிக்கொண்டது. எக்கி அதை விடுவித்து இழுத்து, முறத்தில் போட்டு, முறத்தை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். பாதி நனைந்திருந்தேன்.

மகள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தக் கைல எடுத்த."

"எந்தக் கைல?"

"வலிக்கிற கைல."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் நடைக்குப் போனேன். சாரலில் நின்றுகொண்டு இடது கையைத் தூக்கினேன். வலித்தது. ஆனால் போனது. தலைக்கு மேலே, கயிற்றைத் தொடும் வரைக்கும் போனது. வலது கை அளவுக்கு நேராக நிற்கவில்லை, கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்ந்துதான் நின்றது. எனக்கு அது போதும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விட மனசில்லாமல்.

அக்கா நனைந்து, மூச்சு வாங்க, படியேறி வந்தாள். கயிறு வெறுமையாக இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறியது. பழைய ஞாபகமாக இருக்கலாம். "கருவாடு எங்க?" என்றாள்.

"உள்ள கீதுக்கா. நான்தான் எடுத்து வச்சேன்." மகள் குறுக்கே புகுந்து, எந்தக் கையால் எடுத்தேன் என்பதைக் குதித்துக்குதித்துச் சொன்னாள்.

அக்கா கூடையை இறக்கி வைத்தாள். "எங்க, தூக்கு" என்றாள். தூக்கிக் காட்டினேன். கிட்ட வந்து என் முழங்கையைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் போகுமா என்று பார்க்கிற மாதிரி மெல்ல உயர்த்தினாள். பிறகு கையை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழைத் தண்ணீர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டு அடுப்பிலேயே வைத்தோம்.

அதற்குப் பிறகும் பல மாதம் ஆனது, கை முழுசாகத் திரும்ப. ஆனால் அந்த மழைக்குப் பிறகு, திரும்பும் என்று தெரிந்துவிட்டது. அது தெரிந்த பிறகு காத்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பொங்கலுக்கு முன்பே கம்பெனியில் மறுபடியும் காலர் மெஷினில் உட்கார்ந்தேன்.

அக்காவின் முழங்கால் விஷயம் எனக்குத் தெரியவந்தது அந்தச் சமயத்தில்தான். எனக்குத் தடவிவிட்டு எழும்போது, ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துத்தான் எழுவாள். நான் பின்னால் திரும்பிப் பார்க்காததால் அத்தனை நாளும் தெரியவில்லை. கேட்டபோது, "மார்க்கெட்டுல குத்தவச்சி ஒக்காந்து ஒக்காந்து இப்டி ஆயிபோச்சு. மாத்திர போட்டா சரியாவுது" என்றாள். வாயில் பெயர் நுழையாத அந்த மாத்திரையைக் காட்டினாள். நான் விழுங்கி வாந்தி எடுத்த அதே மாத்திரை.

ஒரு சனிக்கிழமை வலுக்கட்டாயமாக அவளை அந்த டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போனேன். ஷேர் ஆட்டோவில் போகும் வழியெல்லாம், "எனுக்கு இன்னா, நல்லாதானே கீறேன்" என்று முனகிக்கொண்டே வந்தாள். முழங்கால் தேய்மானம் ஆரம்பம் என்றார் டாக்டர். அதே ஜெல்லை எழுதினார். தொடையைப் பலப்படுத்த ஒரு பயிற்சி சொன்னார், முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது. கடைசியில் சொன்னார்: "நாள் பூரா குத்துக்கால் போட்டு உட்கார்ந்தா இந்த ஜெல் என்னம்மா பண்ணும்? உட்காரதுக்கு உசரமா ஏதாவது பண்ணிக்கங்க."

அன்று சாயங்காலம் அக்கா புடவையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கி, கால்களை நீட்டி என் முன்னால் உட்கார்ந்தாள். நான் டியூபை அவளிடம் நீட்டினேன். முழங்கால்தானே, அவளுக்கே எட்டும்.

"எட்டும். ஆனா நீ தடவு" என்றாள்.

தடவினேன். தடவிக்கொண்டிருக்கும்போது உட்காரும் உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்கா ஒரேயடியாக மறுத்தாள். மீன் விற்பவள் ஸ்டூலில் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும், பெண்களெல்லாம் கேலி பேசுவார்கள், மீனை அரிவது எப்படி, தராசைப் பிடிப்பது எப்படி. அன்று என் கணவர் வீட்டில் இருந்தார். டிவி பார்த்துக்கொண்டே கேட்டவர், "ஸ்டூலு வேணாம்க்கா. சாணுக்கு மேல கொஞ்சம் ஒசரமா ஒரு பலக. கால கீய நீட்டிக்கலாம். மீனு வைக்க முன்னாடி இன்னொரு பலக. நான் பண்ணி எடுத்தாரேன்" என்றார்.

கன்டெய்னருக்குள் சரக்கு ஆடாமல் இருக்க அடை கொடுத்து அனுப்பும் கட்டைகள் யார்டு ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும். யார்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு அதில் கொஞ்சம் எடுத்துவந்து, கொருக்குப்பேட்டையில் தனக்குத் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து இரண்டு பலகை செய்துகொண்டு வந்தார். நல்ல பைன் மரம். எந்த நாட்டு எழுத்தோ அதில் கறுப்பு மையில் பாதி அழிந்து தெரிந்தது. ஓரங்களை உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்திருந்தார்.

அக்கா முதல் நாள் அதை மார்க்கெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு வேலை இல்லை, லீவு. மீன் வாங்கப் போகிற சாக்கில் பின்னாலேயே போனேன். நினைத்தபடியே வரிசையில் இருந்த பெண்கள் ஒரே கூச்சல். "வந்துட்டாங்கய்யா மகாராணி, சிம்மாசனத்தோட!" "இன்னாம்மே, கலெக்டராயிட்டியா?" அக்கா யாரையும் பார்க்கவில்லை. பலகையைப் போட்டாள், உட்கார்ந்தாள், கால்களை முன்னால் நீட்டினாள். எதிர்ப் பலகையில் மீனைப் பரப்பினாள். அவளுடைய முகம் ஒரு நொடி தளர்ந்ததை நான் பார்த்தேன். வலியில்லாமல் உட்கார்ந்து எத்தனை நாளாகியிருக்கும்.

"கிண்டல் பண்ணது போதும், வாங்கறவங்க வாங்க" என்று குரல் கொடுத்தாள். முதலில் நான்தான் வாங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் என் கணவர் ஊரிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். மார்க்கெட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காருபவர்கள். அன்றைக்குச் சிம்மாசனம் என்று கத்தியவளும் அதில் இருந்தாள். அக்கா அவர்களுக்கு முன்னால் நின்று, கொஞ்சம் மிதப்பாக, "உன் வூட்டுக்காரரு இன்னும் கட்ட எடுத்தாருவாரான்னு கேக்கறாங்க. முட்டி வலி இவளுங்களுக்கும் கீதாம்" என்றாள்.

என் கணவர் சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு வந்தார். "எவ்ளோ ஒசரம் வேணும்?" என்று கேட்டு, கையால் தரையிலிருந்து அளவு காட்டினார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று உயரம் காட்டினார்கள்.